மூடுபனி வந்தால் பீக் அகலமாகிறது: ஜெர்மானியம் டிடெக்டர் பழகியவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் காமா நிறமாலை அளக்க உயர்தூய்மை ஜெர்மானியம் டிடெக்டரைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். டிடெக்டரைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் மலையேறி வருவதே பெரும்பாடு, அந்தக் கதை வேண்டாம்.

கோபால்ட்-60இன் 1332 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பீக்கின் (நிறமாலையில் எழும் முகட்டின்) பாதி உயர அகலம், குறுகலாக இருந்தால்தான் நல்லது, வெயிலடிக்கும் காலையில் 2.1 கிலோ எலக்ட்ரான்வோல்ட். மதியம் மூன்று மணிக்குப் பனி ஜன்னலை மூடியதும் 2.9! டிடெக்டரை அடுத்துள்ள முதல் பெருக்கியான ப்ரீஆம்ப்பின் டெஸ்ட் இன்புட்டில் பல்சர் (ஒரே அளவிலான செயற்கைத் துடிப்பு) கொடுத்துப் பார்த்தேன். அந்த பீக்கும் 1.3இலிருந்து 2.4 ஆகிறது. ஆக, கூடுவது மின் இரைச்சல்தான், ஜெர்மானியத்துக்குள் மின்னூட்டம் உருவாவதில் கோளாறில்லை. போல்-ஜீரோவை (துடிப்பின் வாலை நேராக்கும் திருத்தத்தை) ஆஸிலாஸ்கோப்பில் பார்த்துச் சரிசெய்தாயிற்று, வால் கீழே இறங்கவில்லை. பெருக்கி ஒவ்வொரு துடிப்பையும் வடிவமைக்கும் நேரமான ஷேப்பிங் டைமை 6 மைக்ரோசெகண்டிலிருந்து 3க்குக் குறைத்தால் கொஞ்சம் தேவலை; கசிவு இரைச்சல்தான் இந்த நேரம் நீண்டால் கூடும். அதனால் டிடெக்டருக்கு 3000 வோல்ட் கொடுக்கும் கனெக்டரில் ஈரம் படிந்து மின்கசிவு என்று சந்தேகம்.

ஹைவோல்டேஜை மெதுவாக முழுக்க இறக்கிவிட்டு, கனெக்டரை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதுமா? ப்ரீஆம்ப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்தவர்கள் உண்டா? அப்புறம், கணினி மட்டும் வேறு யுபிஎஸ்ஸில் ஓடுகிறது. பேஸ்லைனில் (துடிப்பில்லாத நேரத்துக் கோட்டில்) லேசாக 50 ஹெர்ட்ஸ் மின்சார அலையும் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே எர்த்துக்குக் கொண்டுவந்துவிட்டு மற்றதைப் பார்ப்பதா?

கொடைக்கானல், குன்னூர் பக்கம் இந்த ஈரத்தோடு மல்லுக்கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஸ்கோப் படங்களைக் கமெண்டில் போடுகிறேன்.