புதுப்பிப்பு: கதவு டிரிம் ஸ்க்ரூ கிடைத்துவிட்டது (8 நம்பர், 19 மி.மீ.)

கார் முன்கதவின் உள்பக்க டிரிம்மில் (கதவை மூடும் பிளாஸ்டிக் பலகை) 3 ஸ்க்ரூ காணாமல் போனதால், எந்த ஸ்க்ரூ பொருந்தும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "விட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள், மரை இடைவெளியையும் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான். மீதியிருந்த ஒரிஜினல் ஸ்க்ரூவில் வெளிவிட்டம் 4.2 மி.மீ., 5 மரைக்கு 7 மி.மீ., அதாவது இடைவெளி 1.4. அப்படியென்றால் 8 நம்பர் செல்ஃப் டேப்பிங் (தானே மரை போட்டுக்கொண்டு ஏறும் ஸ்க்ரூ). எம்4 மெஷின் ஸ்க்ரூவின் (4 மி.மீ. விட்டம், ஏற்கெனவே மரை உள்ள நட்டில் ஏறுவது) இடைவெளி 0.7தான், கையில் பிடித்தால் ஒன்றுபோலத் தெரியும், ஸ்பிரிங் நட்டில் (கதவுத் தகட்டில் செருகியிருக்கும் கிளிப் போன்ற நட்) ஏறாது. ஜிப்சம் போர்டு ஸ்க்ரூவும் வேண்டாம், அதன் கூம்புத் தலை பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். ஹார்டுவேர் கடையில் 8 நம்பர், 19 மி.மீ., பான் ஹெட் (அடிப்பக்கம் தட்டையான உருண்டைத் தலை) என்று கேட்டு வாங்கியது சரியாகப் பொருந்தியது.

எதிர்பாராதது இரண்டு. ஒரு துளையில் ஸ்க்ரூ சும்மா சுற்றியது. ஸ்பிரிங் நட் கழன்று கதவுக்குள் விழுந்திருந்தது. காந்தக் குச்சியால் எடுத்து மறுபடி தகட்டில் செருகினேன். இரண்டாவது, கைப்பிடிக் குழியில் இருப்பது வேறு வகை: எம்5 மெஷின் ஸ்க்ரூ, இடைவெளி 0.8. இழுவிசை முழுவதும் அங்கேதான் விழுகிறது, டேப்பிங் ஸ்க்ரூ போட்டு ஒப்பேற்றக் கூடாது.

பிளாஸ்டிக்கில் நேராக ஏறும் இடங்களில் முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். 'டக்' என்று பழைய மரையில் இறங்கும், பிறகு வலப்பக்கம். கை ஸ்க்ரூடிரைவர் போதும்.