கொடியிறங்கிய பிறகும் தங்குகிற மகிழ்ச்சி: பங்கு வாழ்க்கை அனுபவப் பகிர்வு

பாடகர் குழு அக்கா, குமரி மாவட்டம்:

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

திருவிழா பத்து நாளும் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் நடுவில், எல்லார் முகத்திலும் சந்தோஷம்தான். கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, வெளியூரிலிருந்து வந்திறங்கும் பிள்ளைகள். கொடியிறங்கி, பந்தல்காரர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போன பிறகு வருகிற ஞாயிறு பூசைக்குப் போய்ப் பாருங்கள், கோவில் பாதி காலி. அந்த ஞாயிறும் அதே முகத்தோடு வருகிறவர்கள் ஒவ்வொரு பங்கிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்ததைப் பற்றி, அல்லது அந்த மகிழ்ச்சி உங்களுக்கே கிடைத்ததைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த இழை. முதலில் நான் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். ரப்பர் பால் வெட்டுகிற வேலை. வெளிச்சம் வருவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். வெட்டு முடிந்து, பால் எடுத்து, குளித்துவிட்டு ஞாயிறு பூசைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். பால் வாசனை கையை விட்டுப் போகாது. நான் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பாடகர் குழுவில் சேர்ந்தபோதும் அவர்தான் வாசித்தார்.

நடுவில் குழுவுக்குள் பெரிய மனத்தாங்கல் வந்தது. கீபோர்டு வாங்கினார்கள். ரிதம் போடலாமா கூடாதா, பழைய பாட்டா புதுப் பாட்டா என்று தொடங்கியது, யார் யாரை மதிக்கவில்லை என்பதில் போய் நின்றது. இளையவர்கள் மொத்தமாக வெளியேறிவிட்டார்கள். பெரியவர்களிலும் பலர் நின்றுவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சிக்கு ஐயாவும் நாங்கள் இரண்டு மூன்று பெண்களும் மட்டும் உட்கார்ந்திருந்த காலம் அது. பதிலுரைப் பாடலை ஒரே குரலில் பாட வேண்டியிருக்கும். பங்கில் சிலர் முகத்துக்கு நேரேயே, "இதுக்குப் பாடாமலே இருக்கலாம்" என்றார்கள். ஐயா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த வாரத்துப் பாட்டு எண்களை எழுதி எங்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான்.

அதே காலத்தில் என் அம்மா படுக்கையில் விழுந்தார்கள். எனக்கு ஜெபம் வாயில் நிற்கவில்லை. செபமாலையை எடுத்தால் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் மனசு எங்கேயோ போய்விடும். பாடும்போதும் வார்த்தை மட்டும்தான் வந்தது. ஒருநாள் ஐயாவிடம், "நான் கொஞ்ச நாள் நின்றுகொள்கிறேன், உள்ளே ஒன்றுமே இல்லை" என்றேன். மாசி மாதம். ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கும், வெட்டு கிடையாது, வெட்டுகிறவர்கள் கையில் காசும் இருக்காது. அவர் சொன்னார்: "இலை உதிர்ந்து நிக்குதுன்னு மரத்தை யாரும் முறிச்சுப் போடுறதில்ல, மக்களே. துளிர்க்கிறது வரைக்கும் வெட்டாம நிக்கணும், தோட்டத்தை விட்டுப் போயிரக்கூடாது."

உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான அந்தத் தவக்காலம் முழுக்கப் பாடினேன். உங்களுக்குத் தெரியும், தவக்காலத்தில் நற்செய்திக்கு முன் அல்லேலூயா இல்லை, ஞாயிறுகளில் வானவர் கீதம் என்ற புகழ்ப் பாடலும் இல்லை. பெரிய வியாழன் மாலை வானவர் கீதத்துக்கு மணியெல்லாம் அடித்து ஓய்ந்தால் அப்புறம் பாஸ்கா இரவு, அதாவது பெரிய சனி இரவு, வரை மணிச்சத்தம் கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுகிறோம். அந்த வருடம் பெரிய சனி இரவு வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியிலிருந்து ஒவ்வொரு கையாக வெளிச்சம் உள்ளே வந்தது. பாஸ்கா புகழுரை முடிந்து, படைப்பின் கதையில் தொடங்கிப் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் சாமியார் வானவர் கீதத்தை எடுத்தார். எல்லா மணியும் ஒன்றாக அடித்தது. எனக்குக் குரல் வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, வார்த்தையோடு நானும் வந்தேன்.

அம்மாவின் நோய் அதனால் குறைந்துவிடவில்லை. உயிர்ப்பு ஞாயிறு காலையிலும் அதே மருந்து, அதே படுக்கைத் துணி அலசல். ஆனால் அந்த இரவு உள்ளே வந்தது வெளியே போகவில்லை, அம்மாவை அடக்கம் செய்த நாளிலும் போகவில்லை. பெருவிழாவுக்கு மட்டும் வந்து பாடுங்கள் என்றால் யாரும் பாடிவிடலாம். நாற்பது நாள் அல்லேலூயா இல்லாமல் பாடிய தொண்டையில்தான் அது அப்படி வரும் என்பது என் நம்பிக்கை. திருச்சபை நம்மை வேண்டுமென்றேதான் காக்க வைக்கிறது.

குழு மறுபடி சேர்ந்தது. யாரும் கூட்டம் போட்டுச் சமாதானம் பேசவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போன பையன்தான் இன்று கீபோர்டு வாசிக்கிறான். ஐயா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக் கொடுக்கிறார். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

அன்பியப் பொறுப்பாளர், ஆரல்வாய்மொழிப் பக்கம்:

அக்கா, வாசித்துவிட்டு நேரே காற்றாடிமலைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

புனித தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று சுடப்பட்டு இறந்த அந்த மலை எங்களுக்குப் பக்கம்தான். முதலில் அவர் பெயர் நீலகண்ட பிள்ளை; நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். வீட்டில் அடிமேல் அடி விழுந்து மனம் ஒடிந்திருந்த நேரத்தில், 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பிறகு திருவிதாங்கூர் படையிலேயே பணியாற்றிய டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் விவிலியக் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானார். 1749-இல் கைது. அப்புறம் மூன்று வருடம் சங்கிலியும் சித்திரவதையும்.

பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியத்தில் ஒருமுறை இதைப் பகிர்ந்தபோது ஒரு பாட்டி கேட்டது எனக்கு மறக்காது. "யோபுவுக்குப் போனதெல்லாம் இரட்டிப்பாத் திரும்பி வந்துது. இவருக்கு என்ன வந்துது?" யாரும் பதில் சொல்லவில்லை. இந்த உலகத்தில் அவருக்கு எதுவும் திரும்பி வரவில்லைதானே. வேலை போனது, மதிப்பு போனது, உயிரும் போனது. ஆனாலும் அவரைக் கட்டிப்போட்ட இடத்துக்கெல்லாம் ஜனங்கள் ஜெபம் கேட்டுத் தேடி வந்தார்கள் என்றுதான் நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆறுதல் கேட்டு வருகிறவன் அழுகிற மனுஷனையா தேடிப் போவான்? அவரிடம் ஏதோ இருந்திருக்கிறது.

அந்தப் பாட்டியின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோட்டாறு சவேரியார் கோவிலில் தேவசகாயத்தின் கல்லறைக்குப் போவார்கள். 2012 டிசம்பர் 2-ஆம் தேதி நாகர்கோவிலில், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது பாட்டியும் கூட்டத்தில் நின்றார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனிதர் பட்டம் கொடுத்ததைப் பேரப்பிள்ளைகளோடு டிவியில் பார்த்தார். தேவசகாயம் இறந்து 270 வருடம் ஆகியிருந்தது. நான் போய், "பாட்டி, சந்தோஷமா?" என்று கேட்டேன். "நான் எங்க அம்மா இடுப்புல இருந்தப்பவே சந்தோஷம்தான். உரோமைக்கு இப்பதான் சேதி போயிருக்கு" என்றார். பட்டமும் கொண்டாட்டமும் இல்லாத காலத்தில், பேர் தெரியாத எத்தனையோ பேர் அந்தக் கல்லறைக்கு மெழுகுதிரியோடு போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்கள் நிறுத்தியிருந்தால் இன்று நமக்கு இந்தப் புனிதர் ஏது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்பியக் கூட்டத்துக்கு ஆள் வராத நாட்கள் உண்டு. முப்பது குடும்பம் பேரில் இருக்கும், வீட்டுக்காரரும் நானும் மட்டும் மெழுகுதிரி ஏற்றி விவிலியம் வாசித்திருக்கிறோம். ஒருமுறை, எங்களுக்குக் கதவே திறக்காத வீட்டில் ஒரு சாவு. கட்டில் பெஞ்சு தேடினது, கஞ்சி வைத்தது, ராத்திரி செபமாலை சொன்னது எல்லாம் அன்பியத்தார்தான். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் கூட்டத்துக்கு ஒழுங்காக வருவதில்லை. ஆனால் வழியில் என்னைப் பார்த்தால் பைக்கை நிறுத்தி, "இந்த வாரம் யார் வீட்டில்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்தக் கேள்வி எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

ராமநாதபுரத்துக்காரர், துபாயிலிருந்து:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். எங்கள் ஊரில் நான் வருடத்துக்கு இரண்டு தடவை கோவிலுக்குப் போனவன். இங்கே வந்துதான் பங்கு என்றால் என்ன என்று தெரிந்தது.

2021 முடிகிற வரை இங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் ஞாயிறு திருப்பலியையே வெள்ளியன்று வைப்பார்கள். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து ஊத் மேத்தா புனித மரியன்னை கோவிலுக்கு வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். உள்ளே இடம் இருக்காது, வெளியே நின்று தமிழ்ப் பூசை கேட்போம். அங்கே பாட்டுத்தாள் கொடுக்கிற ஓர் அண்ணன். ஏசி மெக்கானிக். வருகிற ஒவ்வொருவரையும், "சாப்டாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளை நீட்டுவார். ஊரில் அவர் வீட்டில் என்ன கஷ்டம் என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, அதை இங்கே எழுத வேண்டாம்.

2019 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அபுதாபியில் திருப்பலி வைத்தார். அரேபிய மண்ணில் ஒரு திருத்தந்தை வைத்த முதல் திருப்பலி. நாங்களும் ராத்திரியே கிளம்பிப் போனோம், அந்தக் கூட்டத்தையும் பாட்டையும் மறக்க முடியாது. அந்த வாரமே வெள்ளிக்கிழமை வழக்கமான பூசைக்கு வந்தால், அதே இடத்தில் அதே அண்ணன், "சாப்டாச்சா தம்பி?" எனக்கு அபுதாபியைவிட அதுதான் உள்ளே இறங்கியது. இப்போது தாள் கொடுக்கிற வேலையில் நானும் அவரோடு நிற்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு தங்கை:

எல்லாரும் எழுதினதைப் படித்தேன். எனக்கு ஒரு கேள்வி. போன வருடம் ஒரு தியானத்துக்குப் போய் நிறைய அழுதேன், ஒரு மாதம் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இப்போது ஞாயிறு பூசையில் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் தோன்றவில்லை. தோன்றாமல் போய் நிற்பது பொய் இல்லையா?

பாடகர் குழு அக்கா:

பொய் இல்லை தங்கச்சி. தோன்றாதபோதும் போய் நிற்கிறாயே, அதற்கு நான் அன்பு என்றுதான் பேர் வைப்பேன். நம் வீட்டில் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குச் செய்யும்போது எல்லா நேரமும் மனசு பொங்கிக்கொண்டா இருக்கிறது?

கொல்கத்தாவின் அன்னை தெரேசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007-இல், அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. கிட்டத்தட்ட 50 வருடம் ஜெபத்தில் அவருக்கு இருட்டுதான் இருந்திருக்கிறது. கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் விடியற்காலையில் எழுந்து, நற்கருணை முன் உட்கார்ந்து, பிறகு தெருவுக்குப் போயிருக்கிறார். கூட இருந்த சகோதரிகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சிரிப்புதான். முதலில் இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி. அப்புறம் பெரிய தைரியம். அந்தச் சிரிப்பு உணர்விலிருந்து வந்ததில்லை என்றால், உணர்வு போனாலும் அது நம்மை விட்டுப் போகாது அல்லவா?

தியானத்தில் நீ அழுததும் உண்மைதான், அதைச் சந்தேகப்படாதே. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: மனசு வறண்டு கிடக்கும்போது, நல்ல நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. அந்த ஒரு மாதத்தில் ஏதாவது முடிவு எடுத்திருப்பாய். அது என்ன என்று யோசித்துப் பார், அதை மட்டும் பிடித்துக்கொள். மகிழுங்கள் என்று பிலிப்பி நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதிய திருத்தூதர் பவுல், அதைச் சிறையில் இருந்துதானே எழுதினார்.

இன்னொன்று, வேலை ஏதாவது எடுத்துக்கொள். ஞாயிறு பூசைக்கு வெறும் கையோடு போய் வெறும் கையோடு வந்தால் மணியைத்தான் பார்க்கத் தோன்றும். முதல் வாசகமோ, மறைக்கல்வி வகுப்போ, பூசை முடிந்து பாட்டுப் புத்தகம் அடுக்குவதோ, எதுவாக இருந்தாலும் சரி. பெரிதாக வேண்டாம், ஆனால் விடாமல் செய்.

சென்னையில் எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று எனக்குத் தனியாக எழுது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே இரண்டு மூன்று பங்குகளில் பாடுகிறார்கள், சொல்லி வைக்கிறேன். பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் பயிற்சி இருக்கும். பாட வராது என்றால் பரவாயில்லை, பக்கம் புரட்டிக் கொடுக்கவும் ஆள் வேண்டும்.