புதுப்பிப்பு: கட்டைவிரல் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: நடுராத்திரியில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது, ரத்தத்தில் யூரிக் ஆசிட்டோ 6.2 (மி.கி./டெ.லி.)தான், அப்படியென்றால் இது கவுட் (யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் சேர்ந்து வரும் வாதம்) இல்லையா என்று. பாதிப் பேர் "கறியை நிறுத்துங்க" என்றீர்கள்.

கவுட்டேதான். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவு இறங்கி, இயல்பாகவே தெரியலாமாம். அடங்கி மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 8.9! சுமார் 6.8 தாண்டினாலே யூரேட் (யூரிக் ஆசிட்டின் உப்பு) படிகமாகத் திரளலாம். உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியான கால்விரல் அதற்குத் தோதான இடம்.

கறியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது தப்பு. பெரும்பாலானோருக்கு யூரிக் ஆசிட் உற்பத்தி அதிகமாவதைவிட, சிறுநீரகம் சரியாக வெளியேற்றாததுதான் பிரச்சினை. அது பரம்பரையாகவும் வரும். அப்பாவுக்கும் இருந்தது, "சுளுக்கு" என்றே காலத்தை ஓட்டினார். என் விஷயத்தில் கூடவே இன்னொன்று: ரத்த அழுத்த மாத்திரையில் இருந்த ஹைட்ரோகுளோரோதையசைடு. சிறுநீரைப் பெருக்கும், யூரிக் ஆசிட்டைத் தேக்கிவைக்கும். டாக்டர் அதை லோசார்ட்டான் என்ற வேறு ரத்த அழுத்த மருந்துக்கு மாற்றினார். அது அளவைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யுமாம். (நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.)

பீர், சர்க்கரை பானங்கள், உடல் எடை எல்லாமே காரணப் பட்டியலில் உண்டு. வலி வந்ததற்கு முந்தைய நாள் நான் தண்ணீர்கூட இல்லாமல் பட்டினி கிடந்ததையும் டாக்டர் விடவில்லை.

இலக்கு 6-க்குக் கீழே. அடுத்த பரிசோதனை ஆறு வாரத்தில்.