அரக்குப் புடவை கத்தரிப்பூ கலராகிறது, ஜிம்ப் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மாடிப்படி: எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அண்ணி எம்.சி. ரோடில் மொத்த விலைக்குப் புடவை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறார், படம் எடுப்பதும் ஜிம்ப் 2.10 என்கிற படம் திருத்தும் மென்பொருளில் அதைச் சரிசெய்வதும் என் தலையில். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், பகலிலும் டியூப்லைட் போட்டால்தான் வெளிச்சம். போன வாரம் ஒரு அரக்குப் புடவை. கைபேசியில் எடுத்தபோதே செங்கல் மாதிரி விழுந்தது. ராத்திரி உட்கார்ந்து கலர் பேலன்ஸில் நீலத்தைக் கூட்டி, கையில் இருக்கும் புடவையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அச்சு அசலாகக் கொண்டுவந்துதான் அனுப்பினேன். வாங்கிய அக்கா, "காட்டினது கத்தரிப்பூ கலரு, வந்திருக்கிறது அரக்கு" என்று திருப்பிவிட்டார். அண்ணி கைபேசியிலும் கத்தரிப்பூதான், என் கணினியில் மட்டும் அரக்கு. சேமிக்கும்போது ஏதாவது கெட்டுப்போகிறதா?

இன்னொன்று, இதே புடவை ராமர் பச்சையிலும் கறுப்பிலும் வந்திருக்கிறது. ஒரே படத்தை வைத்து நிறம் மாற்றலாம் என்று நிறத்தையும் அதன் அடர்த்தியையும் மாற்றும் ஹியூ-சாச்சுரேஷனில் தள்ளினால் ஜரிகையும் சேர்ந்து பாசி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

வலைக்கயிறு: சேமிக்கும்போது ஜேபெக் தரத்தை 100 வைத்துப் பாருங்க.

மாடிப்படி: வைத்தேன். கோப்புதான் பெரிதானது, கலர் அதேதான்.

பிளக்ஸ் அண்ணன்: தரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எல்லார் கைபேசியிலும் ஒரு கலர், உங்கள் திரையில் மட்டும் வேறு கலர் என்றால் சந்தேகப்பட வேண்டியது உங்கள் திரையைத்தான். ராத்திரி உட்கார்ந்தேன் என்கிறீர்களே, விண்டோஸில் நைட் லைட் போட்டிருக்கிறதா பாருங்கள். அது திரையில் நீலத்தைக் குறைத்து மஞ்சளடிக்கும், நீங்கள் அதை ஈடுகட்ட நீலத்தைக் கொட்டியிருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசிக்கு அனுப்புங்கள், நைட் லைட் அதில் பதிவாகாது, குட்டு வெளிப்பட்டுவிடும். தண்டையார்பேட்டையில் கடை போட்ட புதிதில் நானும் இதே மாதிரி ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை முகத்தை ஊதாவாக அடித்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

மாடிப்படி: அண்ணா, ஆனில்தான் இருக்கிறது! கண் எரிகிறது என்று தம்பி போட்டு வைத்திருக்கிறான், ராத்திரி 7 மணிக்குத் தானாக வருகிறதாம். அணைத்துப் பார்த்தால் எனக்கும் கத்தரிப்பூ. சரி, ஆனால் எடுத்தபோதே செங்கல்லாக விழுந்ததே, அது ஏன்?

பிளக்ஸ் அண்ணன்: படம் முழுக்கப் புடவையாகவே நிரப்பி எடுத்திருப்பீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைத் தானாக ஈடுகட்டும் கைபேசியின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், வெளிச்சமே சிவப்பு போல என்று ஏமாந்து, சிவப்பைக் குறைத்துவிடும். அடுத்த தடவை புடவை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள், அதில் நேர் வெயில் பட்டு வெளிறிப்போகக் கூடாது. ஜிம்ப்பில் லெவல்ஸ் திறந்து, சாம்பல் நிறப் புள்ளி எடுக்கும் ஐ-டிராப்பரால் அந்தத் தாளில் ஒரு கிளிக், பாதி வேலை முடிந்தது, அப்புறம் தாளை வெட்டிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் மட்டும் இது பலிக்காது, ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் கோணும். மொட்டை மாடி நிழல் உத்தமம்.

ஊசிநூல்: ஜரிகைக்கு நான் சொல்கிறேன். ஹியூ-சாச்சுரேஷனில் நடுவில் இருக்கும் மாஸ்டரை விட்டுவிட்டு, ஆர் என்கிற சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்துத் தள்ளுங்கள், பக்கத்து நிறங்களுக்கும் மாற்றத்தைப் பரப்பும் ஓவர்லேப் 0-விலேயே இருக்கட்டும். ஜரிகை மஞ்சள் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். நிழலில் இருக்கும் ஜரிகை ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அதனால் முதலிலேயே லேயரை நகலெடுத்து மேல் நகலில் நிறம் மாற்றி, அதற்கு லேயர் மாஸ்க் போட்டு, ஜரிகை மேல் கறுப்பு பிரஷால் தடவுங்கள், தடவிய இடம் மறைந்து கீழே இருக்கும் பழைய நிறம் தெரியும். கொஞ்சம் பொறுமை வேண்டும், முந்தானைக்கே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

பச்சை வந்ததும் கிளிப்பச்சையாகப் பளிச்சிடும், பயப்படாதீர்கள். கணக்கில் வெளிச்சம் ஒன்றாக இருந்தாலும் சிவப்பைவிடப் பச்சை நம் கண்ணுக்கு அதிகப் பிரகாசம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் கோட்டைக் கீழே இழுத்தால்தான் ராமர் பச்சை. கறுப்பு இன்னும் லேசு, சாச்சுரேஷனை -100 ஆக்கி, கர்வ்ஸில் நன்றாக இருட்டாக்கினால் போதும். திரும்பக் கறுப்பிலிருந்து பச்சை எடுக்கலாம் என்று மட்டும் போகாதீர்கள், அதில் சாயமே இல்லை, எவ்வளவு தள்ளினாலும் கறுப்புதான், வெளிச்சம் ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், விற்பதற்கு இதைச் செய்யாதீர்கள் என்பேன். பாவு (நீள இழை) ஒரு நிறம் ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறமாக நெய்த புடவை என்றால் நீங்கள் உருவாக்கும் பச்சையும் பெட்டியில் இருக்கும் பச்சையும் ஒட்டவே ஒட்டாது, மறுபடியும் திருப்பி அனுப்புவார்கள்.

வலைக்கயிறு: கம்பெனி காலத்தில் துணி வெளுக்க வந்தவர்களால் பேர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு, ஜிம்ப்பில் சாயம் போட வழி கேட்கிறார், அவரைப் போய்த் தடுக்கிறீர்களே!

மாடிப்படி: தடுத்தது நல்லதுதான் அக்கா, புடவை இரட்டைச் சாயல் நெசவு, இப்போதுதான் அண்ணியிடம் கேட்டேன். தாள் வைத்து மாடியில் அரக்கை மறுபடி எடுத்தேன், லெவல்ஸில் ஒரே கிளிக், கலர் பேலன்ஸைத் தொடவே இல்லை, மூன்று கைபேசியில் பார்த்தும் அரக்குதான். பச்சையும் கறுப்பும் நாளைக்குக் காலையில். மேல்வீட்டு ஆயா வடாம் காயப்போடுவதற்குள் இறங்கிவிட வேண்டுமாம்.