பி0266: நான்கு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

கொங்குச்சாலை:
1.3 லிட்டர் காமன்ரெயில் டீசல் கார், 1,40,000 கி.மீ. ஓடியது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் வரை நடுங்குகிறது. ரேஸ் கொடுத்தால் அடங்கிவிடுகிறது. ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடு பி0266. இரண்டாவது சிலிண்டரின் பங்களிப்பு சரியில்லை என்று பட்டறையில் சொன்னார்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். தொகையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். வேறு வழி உண்டா?

பழைய பட்டறை:
மாற்றிவிடுங்கள் தம்பி. நான்கும் ஒரே டீசலைக் குடித்து ஒரே தூரம் ஓடியவை. இன்று ஒன்றை மாற்றினால் சில மாதங்களில் அடுத்தது தொல்லை கொடுக்கும். கழற்றி மாட்டும் கூலி இரண்டு தடவை. சந்தேகம் இருந்தால் ரேஸ் கொடுக்காமல் ஐடிலிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு டீசல் வரும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். அம்பாசடர் டீசல் காலத்திலிருந்து இப்படித்தான் பார்க்கிறோம்.

அளந்துபார்:
கொங்குச்சாலை, தயவுசெய்து எஞ்சின் ஓடும்போது அந்த நட்டைத் தொடாதீர்கள். அம்பாசடரில் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அளந்து அனுப்பியது. காமன்ரெயிலில் நான்கு இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு காத்திருக்கும். ஐடிலிங்கிலேயே அந்த அழுத்தம் 200 பாரைத் தாண்டி நிற்கும், ரேஸ் கொடுத்தால் 1,000 பாரையும் தாண்டும். அந்த வேகத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும். உடனே மருத்துவமனைக்கு ஓடாவிட்டால் விரலே போய்விடும். ஐயா, இந்த யோசனையை யாருக்கும் இனிச் சொல்லாதீர்கள்.

அடுத்தது அந்தக் குறியீடு. அது சிலிண்டரைத்தான் காட்டிக்கொடுக்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. ஒவ்வொரு எரிதலுக்குப் பிறகும் கிராங்க் எவ்வளவு வேகமெடுக்கிறது என்று கணினி பார்க்கிறது. மெதுவாகத் தள்ளும் சிலிண்டருக்குக் கொஞ்சம் கூடுதல் டீசல், வேகமாகத் தள்ளுவதற்குக் குறைவு. அந்தத் திருத்தம் எல்லை மீறினால்தான் குறியீடு விழும். இன்ஜெக்டர் மட்டுமல்ல, வால்வு சரியாக மூடாவிட்டாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும், இன்ஜெக்டர் அடியில் இருக்கும் காப்பர் வாஷர் கசிந்தாலும், வயர் கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் இதே பி0266 வரும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், போன எஞ்சினில் நான்கு புது இன்ஜெக்டரைப் போட்டாலும் நடுக்கம் நிற்காது. ஸ்கேனரில் நான்கு சிலிண்டரின் திருத்த அளவையும் பார்த்து எழுதுங்கள்.

கொங்குச்சாலை:
எஞ்சின் சூடான பிறகு பார்த்தேன். முதலாவது −1.4, இரண்டாவது +3.8, மூன்றாவது −0.9, நான்காவது −1.5. கனெக்டர் சுத்தமாக இருக்கிறது. இன்ஜெக்டர் அடியில் தார் போன்ற கரிய படிவு எதுவும் இல்லை. இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் திரும்பிவரும் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனிப் பாட்டில்களில் விட்டுப் பார்த்தார்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

பழைய பட்டறை:
நட்டு விஷயத்தில் காமன்ரெயிலுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரிட்டர்ன் சமம் என்றால் இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் கோளாறு கம்ப்ரஷனில்தான், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத்தான் கழற்ற வேண்டும்.

அளந்துபார்:
அவசரப்படாதீர்கள். ரிட்டர்ன் சோதனை இன்ஜெக்டரின் உள் வால்வுக் கசிவைத்தான் காட்டும். டீசலைத் தெளிக்கும் நாசில் முனை சொட்டுவதோ, பனியாகத் தெளிக்காமல் ஒரே கோடாகப் பீய்ச்சுவதோ பாட்டிலில் தெரியாது. முதலில் டீசல் போகாமல் நிறுத்தி, செல்ஃப் அடித்து, பேட்டரி கேபிளில் கிளாம்ப் வைத்து மின்னோட்டத்தை அலைக்காட்டியில் பாருங்கள். பிஸ்டன் மேலேறும் ஒவ்வொரு முறையும் ஒரு மேடு எழும். நான்கு மேடும் சமமாக இருந்தால் கம்ப்ரஷனும் சமம், ஹெட்டைத் தொட வேண்டாம்.

அதன்பின் இரண்டாவது, மூன்றாவது இன்ஜெக்டர்களை இடம் மாற்றுங்கள். அவற்றின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டு எண்களையும் கணினியில் சேர்த்தே மாற்ற வேண்டும். புகார் மூன்றாவது சிலிண்டருக்கான பி0269 ஆக மாறினால் குற்றவாளி இன்ஜெக்டர். பி0266 ஆகவே நின்றால் அந்தச் சிலிண்டரிலோ அதன் வயரிங்கிலோ தேடுங்கள்.

பழைய பட்டறை:
எழுதுவது சுலபம். 1,40,000 கி.மீ. ஓடிய வண்டியில் இன்ஜெக்டர் கரி பிடித்து இறுகிக் கிடக்கும். வலுக்கட்டாயமாகத் திருகினால் நல்லதும் உடையும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். எஞ்சின் லேசான சூட்டில் இருக்கும்போது, இழுப்பான் வைத்து நேராகத் தூக்க வேண்டும். உட்காரும் இடத்தில் ஒரு துணுக்குக் கரி கூட இருக்கக் கூடாது. பழைய வாஷரைத் திரும்பப் போடவே கூடாது, புதியதும் அதே கனத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்கிறார்கள்?

அளந்துபார்:
இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். இப்படிச் செய்யும் பட்டறையில் மட்டும்தான் வண்டியை விட வேண்டும்.

கொங்குச்சாலை:
கிளாம்ப் சோதனையில் நான்கு மேடும் சமம். ஐயா சொன்னபடி ஊறவைத்துக் கழற்றி, புது வாஷரோடு இடம் மாற்றினார்கள். ஐடிலிங்கில் கொஞ்ச நேரம் ஓடியதும் பி0269 விழுந்தது. டீசல் பம்ப் கடையில் அந்த இன்ஜெக்டரைச் சோதனை மேஜையில் ஓட்டிக் காட்டினார்கள்: தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, நின்ற பிறகும் முனையில் ஒரு துளி திரள்கிறது. நாசில் மாற்றிப் பொருத்தியாகிவிட்டது. நான்கு சிலிண்டரின் திருத்த அளவும் இப்போது 1-க்குள். மற்ற மூன்றையும் மாற்ற வேண்டுமா?

அளந்துபார்:
வேண்டாம். ஆயில் மாற்றும்போதெல்லாம் இந்த அளவைக் குறித்துவையுங்கள். ஏதாவது ஒன்று ஏறத் தொடங்கினால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பட்டறை:
என் வண்டியாக இருந்தால் நான்கையும் மாற்றியிருப்பேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். அது இருக்கட்டும். டீசல் ஃபில்டரை மாற்றினீர்களா? அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று திறந்து பாருங்கள். அந்த நாசிலைக் கெடுத்த அழுக்கு அங்கேயே இருந்தால் புதியதும் அதே வழியில்தான் போகும்.