மறுமொழி: ‘இன்வெஸ்டிச்சர்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆயர் (பிஷப்) போன்ற பதவியில் ஒருவரை, அதற்குரிய சின்னத்தைக் கையில் கொடுத்து அமர்த்தும் சடங்குதான் ‘இன்வெஸ்டிச்சர்’ (investiture). நம் அகராதியில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘பதவியேற்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியுமே!

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். பதவியேற்பு என்றால் ஏற்பவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறார். 11-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அரசர்களும் திருத்தந்தையரும் (போப்பாண்டவர்களும்) முட்டிக்கொண்டதோ, கொடுப்பவர் யார் என்பதில். சொல்லில் அவர் இல்லாவிட்டால் சண்டையே விளங்காது.

அன்றைய நடைமுறையைப் பாருங்கள். ஆயர் ஒருவர் இறந்தால் அவருடைய கோலும் மோதிரமும் அரசவைக்கு வந்துவிடும். அடுத்தவரை அரசர் முடிவு செய்து, “திருச்சபையைப் பெற்றுக்கொள்” என்று சொல்லி இரண்டையும் அவர் கையில் கொடுப்பார். அவரைச் சமய முறைப்படி ஆயராக்கும் திருநிலைப்பாடு (consecration) அதற்குப் பிறகுதான். அதைச் செய்பவர்கள் பிற ஆயர்கள். எனவே சென்ற மடலில் ஒருவர் சொன்ன ‘திருநிலைப்பாடு’ம் இங்கே பொருந்தாது.

அரசருக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன்? ஆயர்களிடம் நிலம் இருந்தது, சுங்கம் இருந்தது, காசு அடிக்கும் உரிமையும் இருந்தது. 981-இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் ஓட்டோ இத்தாலிப் போருக்குக் கேட்ட கவச வீரர்களில் பெரும்பகுதியினர் ஆயர்களும் மடாதிபதிகளும் அனுப்ப வேண்டியவர்கள். ஆயர்களுக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. ஒவ்வொரு சாவிலும் அரசருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. இதை விட்டால் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றியின் ஆட்சிக்கு அடித்தளமே ஆடிப்போகும். இத்தாலியின் மிலான் நகரப் பேராயர் பதவிக்கு அவர் தம் ஆளை வைத்ததில் திருத்தந்தையோடு முற்றிய பகை, 1077 சனவரியில் இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் அவர் திருத்தந்தையின் மன்னிப்பு வேண்டித் தவக்கோலத்தில் நிற்கும் வரை போனது.

‘பரிவட்டம் கட்டுதல்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இலத்தீன் மூலத்திலும் ஆடை உடுத்தும் பொருள்தான். ஆனால் பரிவட்டம் ஒரு மரியாதை. அதோடு நிலமும் ஆட்சியும் கைமாறுவதில்லை. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் பரிந்துரை: சின்னமளிப்பு. அந்தப் பெரும் மோதலுக்கு ‘சின்னமளிப்புப் பிணக்கு’. அளிப்பவரும் அளிக்கப்படும் பொருளும் இதில் இருக்கிறார்கள். தேர்தல் சின்னம் நினைவுக்கு வரும் என்பார்கள். ‘அளிப்பு’ சேர்ந்து, வரலாற்று நூலில் வரும்போது அந்தக் குழப்பம் நேராது என்பது என் எண்ணம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ‘செங்கோல்’. ஆயரின் கோலையும் நம்மில் பலர் செங்கோல் என்றே எழுதுகிறோம். அந்த மோதலை முடிக்க 1122-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் ஹென்றியும் திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துவும் செய்த உடன்பாட்டை அப்படி மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? பேரரசர் செங்கோலை விட்டுக்கொடுத்துச் செங்கோலை வைத்துக்கொண்டார் என்று வரும்! உண்மையில் மோதிரமும் ஆயர் கோலும் வழங்கும் உரிமையைத்தான் அவர் துறந்தார். நிலம், சுங்கம் போன்ற உலகியல் உரிமைகளை மட்டும் தம் அரசச் செங்கோலால் வழங்கலாம் என்றானது. ஜெர்மனியில் அது திருநிலைப்பாட்டுக்கு முன்பே நடக்கும். பேரரசின் மற்றப் பகுதிகளான இத்தாலியிலும் பர்கண்டியிலும் பின்பு, ஆறு மாதத்துக்குள். முன்னா பின்னா என்பதில்தான் அரசரின் பிடி எவ்வளவு மிஞ்சியது என்பது தெரியும். எனவே அரசருக்குச் செங்கோல், ஆயருக்கு ‘ஆயர்கோல்’ என்று கறாராகப் பிரித்துவிடுவோம்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

சின்னமளிப்பு: பதவிக்கும் அதைச் சார்ந்த உரிமைகளுக்கும் உரிய சின்னத்தை, அதிகாரம் உடையவர் கையளித்து ஒருவரை அப்பதவியில் அமர்த்தும் சடங்கு.

மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்.