மறு: வங்கியில் ‘எஸ்டேட் செட்டில்மென்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இறந்தவர் வங்கியில் விட்டுச்சென்றதை உரியவரிடம் சேர்க்கும் ‘எஸ்டேட் செட்டில்மென்ட்’ வேலையைப் பார்ப்பவருக்கு, இங்கே முன்மொழியப்பட்ட ‘சொத்துத் தீர்வு வல்லுநர்’ என்ற பெயரை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வங்கியில் இறந்தவர்களின் கணக்குகளைப் பார்க்கும் மேசையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கணவருக்குக் காரியம் முடித்த கையோடு வந்து நிற்பவரிடம், “கணக்கைத் தீர்த்துவிடுகிறோம்” என்று எப்படிச் சொல்வது?

‘எஸ்டேட்’ என்றே வைத்துக்கொள்வதும் சரிவராது. வால்பாறையிலிருந்து வந்த ஓர் அம்மா, மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்தார். படிவத்தில் அந்தச் சொல்லைக் கண்ட அவருடைய மகன், அப்பா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டான். அந்த மலையில் அதற்கு வேறு பொருளே கிடையாது, தவறு படிவத்தினுடையது. ‘செட்டில்மென்ட்’டும் அப்படித்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது, உயிரோடு இருப்பவர் எழுதிக்கொடுக்கும் பத்திரம்.

‘எஸ்டேட்’டுக்கு ‘மறைவுடைமை’ என்று வைத்தால், ஒளித்துவைத்த சொத்து என்றும் பொருள்படும். ‘எச்சம்’ எனக்குப் பிடித்த சொல். பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்கும் சொல்லுக்குக் காத்திருப்பதுபோல் இந்தப் பணமும் உரியவருக்குக் காத்திருக்கிறது. ஆனால் பேச்சில் பறவையின் எச்சமே முந்திக்கொள்ளும்.

என் பரிந்துரை ‘விடுசொத்து’. விடுகதைபோல வினைத்தொகை, விட்டுச்சென்ற சொத்து என்பது கேட்டவுடன் புரியும்.

அடுத்த பாதியான ‘செட்டில்மென்ட்’டுக்கு ‘ஒப்படைப்பு’ என்பதில் உறுதியாக இருக்கிறேன். நாமினி (தமக்குப் பின் பணத்தைப் பெற ஒருவர் நியமித்துச் செல்பவர்) பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று ஒரு காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வாரந்தோறும் மேசைக்கு முன்னால் அண்ணன் தம்பி சண்டை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினியாக நியமிக்கலாம் என்பதால் குழப்பம் கூடவே செய்யும். ‘வாரிசுரிமை வழங்கல்’ என்று எழுதினால் வாரிசு யார் என்பதை வங்கியே முடிவுசெய்ததாக ஆகிவிடும். அது நீதிமன்றத்தின் வேலை. பணத்தைப் பெறும் உரிமை யாருக்கு என்று சொல்லும் இறங்குரிமைச் சான்றிதழ் அங்கிருந்துதான் வருகிறது. வங்கி தன்னிடம் இருந்ததை ஒப்படைக்கிறது. கடன் நிலுவையைக் கழித்துக்கொண்டு தந்தாலும் அது ஒப்படைப்புதான்.

‘வல்லுநர்’ வேண்டாம். ‘விடுசொத்து ஒப்படைப்பு அலுவலர்’ போதும்.

லாக்கரில் இருப்பவற்றுக்கு ‘விடுபொருள்’ பொருந்துமா? சாட்சிகள் முன்னிலையில் நகைகளை எண்ணிப் பட்டியல் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு தலைப்பு தேவைப்படுகிறது.